நம்ப முடியாத எண்: பவளப்பாறை மிதவைகளும் அவற்றை நம்பும் கலையும்

2023 ஜூலை 24, திங்கட்கிழமை சாயங்காலம். அமெரிக்காவின் தென்கோடியில், ஃப்ளோரிடா வளைகுடாவின் ஒரு மூலையில் இருக்கிறது மனாட்டீ பே. அங்கே தண்ணீருக்குள் இருந்த ஒரு சென்சார் 101.1 டிகிரி ஃபாரன்ஹீட் என்று ஒரு எண்ணை அனுப்பியது. செல்சியஸில் 38.4. மனுஷ உடம்பு இந்தச் சூட்டைத் தொட்டால் காய்ச்சல் என்று மாத்திரை போடுவோம். இது கடல் தண்ணீர்.

மறுநாளே உலகம் முழுக்கச் செய்தி ஆகிவிட்டது. கடலில் அளக்கப்பட்டதிலேயே மிக அதிக வெப்பம் இதுதானா என்று கேட்டார்கள். அதுவரை பேசப்பட்டுவந்த எண் குவைத் வளைகுடாவின் 37.6. அது 2020-ல் ஆய்வுக் கட்டுரையாகவே வெளிவந்திருந்தது. இது அதைவிட 0.8 டிகிரி அதிகம். உடனே ரெண்டு கட்சி பிரிந்தது. ஒரு கட்சி, "பார்த்தீங்களா, கடலே கொதிக்குது" என்றது. இன்னொரு கட்சி, "சென்சார் கெட்டுப்போயிருக்கும், விடுங்க" என்றது. அந்த சென்சார் எங்கே இருக்கு, எவ்வளவு ஆழத்துல இருக்கு, பக்கத்துல இருக்கிற சென்சார் என்ன சொல்லுது என்று கேட்டவர்கள் கொஞ்சம் பேர்தான்.

வானிலை ஆய்வாளர் ஜெஃப் மாஸ்டர்ஸ் அந்தக் கொஞ்சம் பேரில் ஒருவர். மனாட்டீ பே கரையை ஒட்டிய, ஆழமே இல்லாத இடம். சென்சார் இருந்தது சுமார் 5 அடி ஆழத்தில். தண்ணீரில் மக்கிய இலைதழைகளும் வண்டலும் கலந்திருந்தால் அது வெயிலை அதிகமாக உறிஞ்சும். கரையின் பாதிப்பும் சேரும். அதனால் இந்த எண்ணைத் திறந்த கடலின் சாதனையாக எடுத்துக்கொள்வது கஷ்டம் என்பது அவர் வாதம். ஆனால் சுற்றுவட்டாரத்தில் இருந்த மற்ற நிலையங்களும் 36, 37 டிகிரி அளவுக்கு ஏறியிருந்தன. ஆகவே சென்சார் உளறியது என்று சொல்லவும் வழியில்லை.

அதாவது, எண் சரியாகவே இருந்திருக்கலாம். ஆனால் அது சொன்னது ஒரு குட்டை மாதிரியான ஓடையின் கதை. பவளப்பாறையின் கதை இல்லை.

கொஞ்ச நாளாக நான் கடல்நீரை அளக்கும் கருவிகளின் வரலாற்றைப் படித்துக் குறிப்பெடுத்துக்கொண்டிருக்கிறேன். அதில் இந்த மாதிரி "நம்ப முடியாத எண்கள்" திரும்பத் திரும்ப வருகின்றன. சில சமயம் நம்பியிருக்கக் கூடாததை நம்பினார்கள். சில சமயம் நம்பியிருக்க வேண்டியதைத் தூக்கி எறிந்தார்கள். ரெண்டுக்கும் விலை உண்டு. அந்தக் கதையைத்தான் இங்கே வரிசைப்படுத்திப் பார்க்கிறேன்.

வாளிக் காலம்

மிதவை, சென்சார் எல்லாம் வருவதற்கு முன்னால் கடலின் மேற்பரப்பு வெப்பத்தை வாளியில்தான் அளந்தார்கள். கப்பலின் ஓரத்திலிருந்து கித்தான் வாளியைக் கயிற்றில் இறக்கி, தண்ணீரை மேலே தூக்கி, அதற்குள் வெப்பமானியை விட்டுப் பார்ப்பது. எளிமையான வேலை. இதில் என்ன தப்பு வந்துவிடப் போகிறது?

மண்பானைத் தண்ணீர் ஏன் ஜில்லென்று இருக்கிறது என்று யோசித்தால் விடை கிடைக்கும். பானையின் சுவரில் கசியும் நீர் ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. கித்தான் வாளியும் அப்படித்தான். மேலே தூக்கும் நேரத்திலும், தளத்தில் காற்றில் இருக்கும் சில நிமிஷங்களிலும் தண்ணீர் ஆறிவிடும். ஆக, வாளி அளவு நிஜத்தைவிடக் கொஞ்சம் குளிர்ச்சியாக வரும்.

பிறகு நீராவிக் கப்பல்கள் பெருகின. எஞ்சினைக் குளிர்விக்க உள்ளே இழுக்கும் கடல்நீரின் குழாயிலேயே வெப்பமானியை வைத்தார்கள். எஞ்சின் அறையின் சூட்டால் இந்த அளவு நிஜத்தைவிடக் கொஞ்சம் வெப்பமாக வரும்.

இரண்டும் சின்னப் பிழைகள். ஆனால் ரெண்டும் எதிரெதிர்த் திசையில் இருக்கின்றன. இரண்டாம் உலகப் போர் நடந்தபோது பதிவுகளில் பெரும்பங்கு அமெரிக்கக் கப்பல்களுடையது, அவை எஞ்சின் குழாயில் அளந்தவை. 1945-ல் போர் முடிந்ததும் பிரிட்டிஷ் கப்பல்களின் பதிவுகள் அதிகமாயின, அவை பெரும்பாலும் வாளியில் அளந்தவை. விளைவு, உலகக் கடல்களின் சராசரி வெப்பம் அந்த ஆண்டில் திடீரென்று சுமார் 0.3 டிகிரி குறைந்தது போல ஒரு பள்ளம். கடலில் ஒன்றும் நடக்கவில்லை. அளந்த கைதான் மாறியது. இந்தப் பள்ளத்துக்கு இதுதான் காரணம் என்று விளக்கும் கட்டுரை நேச்சர் இதழில் வந்தது 2008-ல். அறுபது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

0.3 டிகிரிதானே என்று தோன்றலாம். அந்த 0.3 பவளத்துக்கு என்ன செய்யும் என்பதைப் பிறகு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு வருஷம் கூடவே இருந்தவர்கள்

பவளப்பாறையின் தண்ணீரை முறையாக, ஒரே இடத்தில், ஒரு முழு ஆண்டு அளந்தவர்கள் என்று யோசித்தால் என் நினைவுக்கு முதலில் வருவது 1928-29-ன் கிரேட் பேரியர் ரீஃப் பயணக் குழு. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து கடற்கரைக்கு அப்பால் உள்ள லோ தீவுகளில் அவர்கள் முகாம் போட்டார்கள். தலைவர் சி. எம். யோங், அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. கடல்நீரின் வேதியியலைக் கவனித்தவர் ஏ. பி. ஓர். வெப்பம், உப்புத்தன்மை, ஆக்சிஜன், சத்துப்பொருள்கள் என்று எல்லாவற்றையும் புட்டியில் பிடித்துவந்து, தீவிலேயே அமைத்த ஆய்வகத்தில் சோதித்தார்கள்.

அந்தக் கோடையில் பாறைத் திட்டின் ஆழமில்லாத பகுதியில் தண்ணீர் கடுமையாகச் சூடேறியது. பவளங்கள் நிறம் இழந்தன, சில செத்தன. பவளத்தின் சதைக்குள் குடியிருக்கும் நுண்பாசிகள் வெளியேறிவிட்டதை யோங்கும் நிக்கல்ஸும் 1931-ல் எழுதினார்கள். இன்று நாம் "வெளிறல்" என்று சொல்லும் நிகழ்வுக்கு அந்தப் பாறையில் கிடைத்த முதல் அறிவியல் வர்ணனைகளில் ஒன்று அது.

இதில் நான் கவனித்தது என்னவென்றால், வெப்பமானியைப் பார்த்த கண்ணும் பவளத்தைப் பார்த்த கண்ணும் ஒரே முகாமில் இருந்தன. எண் சந்தேகமாக இருந்தால் இறங்கிப் போய்ப் பார்க்கலாம். அளப்பவர் போனபின் அளவு மட்டும் மிஞ்சுகிற நிலை அன்றைக்கு இல்லை.

தூக்கி எறியப்பட்ட உண்மை

ஐம்பது வருஷம் தாண்டி 1982-க்கு வருவோம். இப்போது விண்ணில் செயற்கைக்கோள்கள் வந்துவிட்டன. அகச்சிவப்புக் கதிர்களை வைத்து, கடல் மேற்பரப்பின் வெப்பத்தை மேலிருந்தே அளக்கிறார்கள். வாளி வேண்டாம், ஆள் வேண்டாம்.

அந்த ஆண்டு மார்ச் கடைசியிலும் ஏப்ரல் தொடக்கத்திலும் மெக்ஸிகோவில் எல் சிச்சோன் எரிமலை வெடித்தது. அதன் கந்தகத் துகள்கள் வளிமண்டலத்தின் மேலடுக்கில் பூமியைச் சுற்றிப் பரவின. செயற்கைக்கோளுக்கும் கடலுக்கும் நடுவே ஒரு மெல்லிய திரை விழுந்தது. அதன் வழியாகப் பார்த்த செயற்கைக்கோள், கடல் நிஜத்தைவிடக் குளிர்ச்சியாக இருப்பதாகச் சொன்னது. நம்பும்படியான எண்தான். ஆனால் தப்பான எண்.

அதே மாதங்களில் பசிபிக்கில் போய்க்கொண்டிருந்த சில கப்பல்கள் வழக்கத்தைவிட ரொம்பச் சூடான தண்ணீரைப் பதிவு பண்ணி அனுப்பின. அவற்றை வாங்கிய கணினிகளில் ஒரு தரச் சோதனை இருந்தது: நீண்டகாலச் சராசரியிலிருந்து ரொம்ப விலகிய எண் வந்தால் அது பிழை, ஒதுக்கிவிடு. அப்படியே ஒதுக்கியது. சரியான எண்கள், நம்ப முடியாததாக இருந்த ஒரே காரணத்தால் குப்பைக்குப் போயின.

இப்படித்தான் அந்த நூற்றாண்டின் மிகப் பெரிய எல் நீன்யோக்களில் ஒன்று, உலகின் நிபுணர்கள் கண்ணெதிரே, பல மாதம் அடையாளம் தெரியாமலேயே வளர்ந்தது. வழக்கமாக அது பெருவின் கரையில் ஆரம்பிக்கும் என்பது அன்றைய பாடம். இது அப்படி ஆரம்பிக்காததும் குழப்பத்துக்கு ஒரு காரணம்.

பவளங்களுக்கு இது எப்படி முடிந்தது? 1983-ல் கோஸ்டா ரிகா, பனாமா, கொலம்பியாவின் பசிபிக் பக்கத்தில் பெரும்பாலான பவளங்கள் செத்தன. கலாபகோஸ் தீவுகளில் 95 விழுக்காட்டுக்கும் மேல் இழப்பு. பீட்டர் க்ளின் என்ற ஆய்வாளர் இறங்கிப் பார்த்துப் பதிவு செய்ததால் அது நமக்குத் தெரிகிறது. முன்கூட்டியே தெரிந்திருந்தாலும் அந்தப் பவளங்களைக் காப்பாற்றியிருக்க முடியாதுதான். ஆனால் ஒரு பேரழிவு நடந்துகொண்டிருக்கும்போதே "இல்லை" என்று சொல்லும் ஒரு கருவி வலையமைப்பு இருந்தது என்பது சின்ன விஷயம் இல்லை.

அந்த அடிக்குப் பிறகு பசிபிக்கின் நடுக்கோட்டை ஒட்டி நங்கூரமிட்ட மிதவைகளை வரிசையாக நிறுத்தினார்கள். 1994 டிசம்பரில் வேலை முடிந்தபோது சுமார் 70 மிதவைகள். மேலிருந்து பார்க்கும் கண்ணுக்குக் கீழிருந்து ஒரு சாட்சி வேண்டும் என்பதை 1982 கற்றுக்கொடுத்தது. இன்றும் செயற்கைக்கோள் அளவுகளைச் சரிபார்ப்பது மிதவை அளவுகளை வைத்துத்தான்.

"நம்ப முடியாத அளவு அதிகம்"

பவளப்பாறைக்கென்றே கருவி நிலையங்கள் வந்த கதையில் ஃப்ளோரிடா கீஸ் தீவுகளுக்கு முக்கிய இடம் உண்டு. 1990-களின் தொடக்கத்தில், கலங்கரை விளக்கங்களிலும் தூண்களிலும் ஏற்கெனவே இருந்த வானிலை நிலையங்களோடு கடல்நீர் சென்சார்களையும் சேர்த்தார்கள். சீகீஸ் என்று அந்தத் திட்டத்துக்குப் பெயர். மோலாசஸ் பாறை, சோம்ப்ரேரோ பாறை மாதிரி இடங்களிலிருந்து மணிக்கொரு தடவை எண்கள் வந்து விழுந்தன.

எண்கள் வந்தால் போதுமா? யார் உட்கார்ந்து பார்ப்பது? மயாமியில் இருந்த ஜேம்ஸ் ஹெண்டீ இதற்காக ஒரு மென்பொருள் எழுதினார். அனுபவமுள்ள ஓர் ஆய்வாளர் எண்களைப் பார்த்து எப்படி யோசிப்பாரோ அந்த விதிகளைக் கணினிக்குக் கற்றுக்கொடுக்கும் முயற்சி. வெப்பம் இவ்வளவு என்று வெறும் எண்ணாக வைத்துக்கொள்ளாமல், அதை மனுஷ பாஷைக்கு மாற்றியது: கொஞ்சம் அதிகம், அதிகம், ரொம்ப அதிகம், கடுமையாக அதிகம்... அந்த வரிசையின் ரெண்டு கோடியிலும் வைத்த பெயர்தான் எனக்குப் பிடித்தது. "நம்ப முடியாத அளவு குறைவு", "நம்ப முடியாத அளவு அதிகம்". அந்தப் பெட்டிக்குள் விழும் எண் வந்தால் பவளத்தைச் சந்தேகிக்காதே, சென்சாரைச் சந்தேகி.

1982-ல் கப்பல் எண்களை விழுங்கிய விதியும் கிட்டத்தட்ட இதேதானே என்று நீங்கள் கேட்கலாம். வித்தியாசம் அடுத்த படியில் இருக்கிறது. அங்கே எண் சத்தமில்லாமல் மறைந்தது. இங்கே "இந்த எண்ணை என்னால் நம்ப முடியவில்லை, ஒருத்தர் போய்ப் பாருங்க" என்று மனிதர்களுக்குத் தகவல் போனது. சந்தேகத்தை வெளியே சொல்லும் இயந்திரத்துக்கும், சந்தேகத்தை விழுங்கிவிடும் இயந்திரத்துக்கும் நடுவே மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

இந்த அனுபவத்திலிருந்து பவளப்பாறை முன்னெச்சரிக்கை நிலையங்கள் பிறந்தன. 2001-ல் பஹாமாஸின் லீ ஸ்டாக்கிங் தீவில், 2002-ல் செயின்ட் க்ராயில் என்று கரீபியனில் பரவின.

கொட்டலசும் பாசியும்

இப்போது கருவிக்குள்ளேயே போவோம். வெப்ப சென்சார் ஒப்பீட்டளவில் நல்ல பிள்ளை. நல்ல தரமானது ஒரு டிகிரியின் நூறில் ஒரு பங்குக்கும் குறைவான துல்லியத்தில் அளக்கும், பல மாதம் நிலையாகவும் இருக்கும். அதில் பெரும்பாலும் பிரச்சினை "எங்கே வைத்தார்கள்" என்பதுதான். மற்றவை அப்படி இல்லை.

வெதுவெதுப்பான, வெளிச்சமான, உயிர் நிறைந்த தண்ணீர். பவளத்துக்குப் பிடித்த இடம் என்றால் பாசிக்கும் கொட்டலசுக்கும் பிடித்த இடம். படகின் அடியில் ஒட்டுவதை விட்டுவிட்டு சென்சாரை மட்டும் அவை மன்னிக்குமா? சில வாரங்களில் மேலே ஒரு வழுவழுப்புப் படலம், அப்புறம் பாசி, அப்புறம் ஓடு. உப்புத்தன்மையை அளக்கும் குழாயின் உள்ளே ஏதாவது வளர்ந்தால் குழாய் குறுகி, உப்பு குறைவாகத் தெரியும். கலங்கலை அளக்கும் ஒளிக்கண்ணின் மேல் பாசி படிந்தால், தெளிந்த தண்ணீரும் சேற்றுத் தண்ணீராகத் தெரியும். இதற்காகத்தான் செப்புக் கவசம், கார் கண்ணாடியைத் துடைப்பது மாதிரி குட்டித் துடைப்பான், விஷம் கசியும் உறை என்று என்னென்னவோ செய்து பார்த்தார்கள். எல்லாமே நாளைத் தள்ளிப்போடும் வேலைதான். கடைசியில் ஒரு ஆள் தூரிகையோடு முங்கித்தான் ஆகணும்.

ஆக்சிஜன் சென்சாரின் பிழை இன்னும் விசேஷமானது. அதன் மேலேயே பாசி வளர்ந்தால், பகலில் அந்தப் பாசி ஆக்சிஜனை விடும், ராத்திரியில் இழுக்கும். பவளப்பாறையிலும் பகலில் ஆக்சிஜன் ஏறும், ராத்திரியில் இறங்கும். ஆக, வரைபடத்தில் அழகான அலை தெரியும். ஆரோக்கியமான பாறை என்று நாம் சந்தோஷப்படுவோம். நிஜத்தில் சென்சார் தன் தோலில் வளர்ந்த தோட்டத்தை அளந்துகொண்டிருக்கும்.

தண்ணீரின் ஆக்சிஜனை அளக்க ஹங்கேரி நாட்டு வேதியியலாளர் லயோஸ் விங்க்ளர் 1888-ல் ஒரு முறையைக் கண்டுபிடித்தார். புட்டியில் தண்ணீரைப் பிடித்து, ரசாயனம் சேர்த்து, சொட்டுச் சொட்டாக அளப்பது. 1956-ல் லீலண்ட் க்ளார்க் மின்முனை சென்சாரைக் கொண்டுவந்தார். பிறகு ஒளியால் அளக்கும் சென்சார்கள் வந்தன. வேடிக்கை என்னவென்றால், ஒளி சென்சார் வேலை செய்யும்போது மட்டும் இல்லை, அலமாரியில் சும்மா இருக்கும்போதே மெல்ல மெல்லக் குறைத்துக் காட்ட ஆரம்பிக்கும். அதைத் திருத்த இன்றும் ஆய்வகத்தில் எடுப்பது 1888-ன் புட்டி முறையைத்தான். ஆர்கோ மிதவைகள் சிலவற்றில் இன்னொரு உபாயம்: மேலே வரும்போதெல்லாம் சென்சாரைக் காற்றில் நீட்டி அளப்பது. காற்றில் ஆக்சிஜன் எவ்வளவு என்பது நமக்குத் தெரியும், அதுவே படிக்கல்.

அமிலத்தன்மை, அதாவது பி.ஹெச்., இதிலேயே மிகக் கஷ்டமானது. தொழிற்புரட்சிக்குப் பிறகு இன்றுவரை கடல் மேற்பரப்பின் பி.ஹெச். குறைந்திருப்பது சுமார் 0.1. சாதாரணக் கண்ணாடி மின்முனை சில வாரங்களிலேயே அந்த அளவுக்குத் தடம் மாறிவிடக் கூடும். தாத்தா காலத்து எடையைக் காட்டும் தராசில் பேரனின் எடை ஏறியதா என்று பார்ப்பது மாதிரி. இதைத் தீர்க்க எக்ஸ்பிரைஸ் அமைப்பு பெரிய பரிசுப் போட்டியே வைத்தது. 2015-ல் வென்றது சன்பர்ஸ்ட் சென்சார்ஸ் என்ற சிறு நிறுவனம். ஊர் கடலே இல்லாத மொன்டானா மாநிலம். அவர்கள் முறை புதுசு இல்லை: தண்ணீரில் சாயத்தைக் கலந்து நிற மாற்றத்தைப் பார்ப்பது. பள்ளிக்கூட லிட்மஸ் தாளின் துல்லியமான சொந்தக்காரன்.

சாயம் சரியா என்று எதை வைத்துப் பார்ப்பது? கலிஃபோர்னியாவின் ஸ்க்ரிப்ஸ் கழகத்தில் ஆண்ட்ரூ டிக்சனின் ஆய்வகம் தயாரிக்கும், அளவு சான்றளிக்கப்பட்ட கடல்நீர் புட்டிகளை வைத்து. கடலின் கார்பன் அளவீட்டில் உலகமே சாய்ந்திருந்த தூண் அந்த ஒரே ஆய்வகம். 2020-ல் கொரோனாவால் அங்கே வேலை தடைப்பட்டபோது பல நாட்டு ஆய்வாளர்களுக்குப் புட்டித் தட்டுப்பாடு. காய்கறிக் கடைப் படிக்கல்லில்கூட முத்திரை இருக்கிறதா என்று பார்க்கிறோமே, அந்த முத்திரை அடிக்கும் ஆபீஸ் உலகத்துக்கே ஒன்றுதான் என்றால் எப்படி இருக்கும்!

படிக்கல்லைக் கூடவே சுமக்கும் மிதவையும் உண்டு. ஃப்ளோரிடாவின் சீக்கா ராக்ஸ் பவளத் திட்டில் 2011 டிசம்பர் முதல் ஒரு கார்பன் மிதவை இருக்கிறது. மூன்று மணிக்கு ஒரு தடவை அளக்கும். ஒவ்வொரு தடவையும் முதலில் கார்பன் டை ஆக்சைடை நீக்கிய காற்றை அளக்கும், பிறகு அளவு தெரிந்த வாயுவை அளக்கும், அதற்கப்புறம்தான் கடலுக்கு வரும். என்னைக் கேட்டால், கருவி வடிவமைப்பில் இதைவிட நேர்மையான ஏற்பாடு இல்லை.

0.3 டிகிரியின் கணக்கு

இப்போது பாக்கி வைத்த கணக்கு. 1990-களின் கடைசியில் அமெரிக்காவின் நோவா அமைப்பில் ஆலன் ஸ்ட்ராங்கும் கூட்டாளிகளும் செயற்கைக்கோளை வைத்து வெளிறல் அபாயத்தைக் கணிக்கும் முறையை வளர்த்தார்கள். ஒரு இடத்தின் வழக்கமான ஆண்டில் மிகச் சூடான மாதத்தின் சராசரியை எடுத்துக்கொள்வார்கள். அதைவிட 1 டிகிரியோ மேலோ ஏறினால்தான் கணக்கில் சேரும். 12 வார ஏற்றத்தைக் கூட்டினால் வருவது "டிகிரி வாரம்". 4 வந்தால் வெளிறல் எதிர்பார்க்கலாம். 8 வந்தால் சாவும் எதிர்பார்க்கலாம்.

ஒரு பாறையில் எட்டு வாரம் தண்ணீர் 0.8 டிகிரி கூடுதலாக இருந்தது என்று வையுங்கள். 1-ஐத் தொடவில்லை, ஆகவே டிகிரி வாரம் பூஜ்யம். அளவில் 0.3 பிழை ஏறி 1.1 என்று காட்டினால்? எட்டு வாரத்தில் 8.8. பூஜ்யத்திலிருந்து மரண எச்சரிக்கைக்கு ஒரே தாவல். பிழை எதிர்த் திசையில் இருந்தால், 1.1-ல் வெந்துகொண்டிருக்கும் பாறைக்கு "எல்லாம் நலம்" என்று சான்றிதழ் போகும்.

வாளிக்கும் எஞ்சின் குழாய்க்கும் இருந்த வித்தியாசம் எவ்வளவு பெரிசு என்று இப்போ புரியுது இல்லையா?

2023, பாறையின் மேலே

மனாட்டீ பே எண்ணைப் பற்றி ஊரே சண்டை போட்டுக்கொண்டிருந்த அதே வாரங்களில், திறந்த கடல் பக்கம் இருந்த பாறைகளில் நடந்தது வேறு. ஜூலை 20-ஆம் தேதி பவள மறுசீரமைப்பு அறக்கட்டளையின் குழு சோம்ப்ரேரோ பாறைக்குப் போனது. அவர்கள் பார்த்த இடத்தில் பவளங்கள் முழுவதும் செத்திருந்தன. ஜூலை மாதக் கடைசியில் சீக்கா ராக்ஸில் முங்கிய நோவா குழு பார்த்தபோது பவளங்கள் அத்தனையும் வெளிறியிருந்தன. அது வழக்கமாக வெளிறல் தொடங்கும் காலமே இல்லை.

அங்கே 38 டிகிரி இல்லை. நடந்தது அதைவிடக் குறைவான, ஆனால் விடாமல் வாரக்கணக்கில் நீண்ட சூடு. தலைப்புச் செய்திக்கு ஆகாத எண். பவளத்தைக் கொன்றது அந்த எண்தான்.

இதற்குச் செயற்கைக்கோள் ஒரு சாட்சி, மிதவைகள் இன்னொன்று, நேரில் முங்கிப் பார்த்தவர்களின் கண் மூன்றாவது. மூன்றும் ஒரே கதையைச் சொன்னதால்தான் முடிவெடுக்க முடிந்தது. கடலுக்குள் நாற்றங்கால் போட்டு வளர்த்துக்கொண்டிருந்த பவளக் கன்றுகளை ஆயிரக்கணக்கில் தூக்கிக் கரையில் தொட்டிகளுக்கு மாற்றினார்கள். அது சாதாரண முடிவு இல்லை. கன்றைப் பிடுங்கி, வெயிலில் படகில் கொண்டுபோய், தொட்டியில் வைப்பதே ஒரு ஆபத்து. தப்பான எண்ணை நம்பிச் செய்தால் நல்லா இருக்கிற கன்றும் சாகும். சரியான எண்ணைச் சந்தேகித்து ஒரு வாரம் காத்திருந்தால் எதுவும் மிஞ்சாது.

மிஞ்சியது எவ்வளவு என்பது 2025 அக்டோபரில் சயன்ஸ் இதழில் வந்தது. ஃப்ளோரிடா கீஸிலும் ட்ரை டொர்ட்டுகாஸிலும் கலைமான் கொம்பு போலக் கிளைவிடும் இரண்டு அக்ரோபோரா இனங்களில் 97.8 முதல் 100 விழுக்காடு வரை செத்திருந்தன. அங்கே சூழல் அமைப்பில் தம் வேலையைச் செய்யும் அளவுக்கு இனி அவை இல்லை என்பது அந்தக் கட்டுரையின் முடிவு. நேரத்துக்குக் கரையேற்றிய கன்றுகளின் மரபு வகைகள் தொட்டிகளில் இருக்கின்றன. அந்தப் பாறைகளில் மறுபடி ஏதாவது நட வேண்டுமென்றால் அங்கிருந்துதான் எடுக்கணும்.

2023-க்குப் பிறகு நோவா தன் எச்சரிக்கை அளவுகோலையே நீட்டியது. 8 டிகிரி வாரத்தோடு நின்ற படிகள் இப்போது 20-ம் அதற்கு மேலும் போகின்றன. 1990-களில் அந்தப் படிகளைப் பார்த்திருந்தால் ஹெண்டீயின் மென்பொருள் எந்தப் பெட்டியில் போட்டிருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

நம்ம பக்கம்

மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவே 21 தீவுகள், அவற்றைச் சுற்றிப் பவளம். 2010-லும் 2016-லும் அங்கே பெரிய வெளிறல். ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் அமைப்பு செயற்கைக்கோள் வெப்பத்தை வைத்து இந்தியப் பவளங்களுக்கு எச்சரிக்கை வெளியிடுகிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் இந்தத் தீவுகள் எல்லாம் கரையிலிருந்து சுமார் 10 கிலோமீட்டருக்குள் இருப்பவை. கரையும் மணலும் கலங்கலும் ஆழமில்லாத நீரும் கலந்த இடத்தைச் செயற்கைக்கோள் பல கிலோமீட்டர் கட்டமாகத்தான் பார்க்கும். மனாட்டீ பேயில் நாம் கேட்ட அதே கேள்வி இங்கேயும் வரும்: இந்த எண் எந்தத் தண்ணீரைப் பற்றியது? அதற்கு விடை சொல்வது வருஷா வருஷம் அந்தத் தீவுகளைச் சுற்றி முங்கி எண்ணும் தூத்துக்குடி ஆய்வாளர்கள்தான்.

ஒரு கருவியை வாங்கும் நாளில் படம் எடுக்க எல்லோரும் வருவார்கள். எட்டாவது மாதம் அதன் மேல் ஒட்டிய கொட்டலசைச் சுரண்ட ஒரு படகு, கொஞ்சம் டீசல், ரெண்டு ஆள் சம்பளம் வேண்டும். இதற்குப் பணம் கேட்டால்தான் எல்லோருக்கும் கை நடுங்கும். இவ்வளவு படித்ததில் எனக்குப் புரிந்தது இதுதான்: ஒரு எண்ணின் நம்பகத்தன்மை கருவியின் விலைப்பட்டியலில் இல்லை, அதன் பராமரிப்பு நோட்டில் இருக்கிறது. அடுத்த தடவை கடலைப் பற்றி ஒரு சாதனை எண் செய்தியில் வந்தால், நம்பவும் வேண்டாம், சிரிக்கவும் வேண்டாம். எங்கே, எந்த ஆழத்தில், பக்கத்தில் இருக்கிறது என்ன சொல்கிறது, கடைசியாக யார் போய்ப் பார்த்தார்கள் என்று நாலு கேள்வி கேளுங்கள். நாலுக்கும் பதில் இருந்தால், அந்த எண் எவ்வளவு கசப்பாக இருந்தாலும் நம்பித்தான் ஆகணும்.